வகுப்பில் தமிழ் தெரியாதவர்

சீமைக்குப் போய்வந்தவர் என்று ஓர் இனம் உண்டு. டாக்டரையும் எஞ்சினியரையும் சொல்லவில்லை. அவர்கள் போனால் திரும்புவதே இல்லை. நான் சொல்வது, மூன்று மாதப் பயிற்சிக்குப் போய்விட்டு, அங்கேயே பிறந்து வளர்ந்த தோரணையில் மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிற இனம். அதிலும், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுப்பது எப்படி என்று இங்கிலாந்துக்கே போய்க் கற்றுக்கொண்டு வருகிறவர் இருக்கிறாரே, அவர் தனி ரகம்.

எங்கள் பட்டாபிராம் ரகுநாதன் வாத்தியாரை எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது நல்ல மனுஷர். திரும்பி வந்தபின் எந்த வாக்கியமும் "அங்கெல்லாம்" என்றுதான் ஆரம்பித்தது. அங்கெல்லாம் டீயில் பாலைத் தனியாகத் தருவார்களாம், அங்கெல்லாம் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்களாம், அங்கெல்லாம் இறங்குகிறவர் இறங்கிய பிறகுதான் ஏறுவார்களாம். இந்தக் கடைசி விஷயத்தைக் காலை நேரத்து சென்ட்ரல் வண்டியில் அவர் கடைப்பிடித்தும் பார்த்தார். வண்டி போய்விட்டது. ஊர் திருந்தாது என்று தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வண்டிக்கு நின்றார்.

ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் படிப்பகத்தில் அவர் நடத்திய மாலை வகுப்பில் நானும் ஒரு மாணவன். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு வட்டமாக நாற்காலி போட்டார். தன்னை ரகு என்றே கூப்பிட வேண்டும் என்றார். எங்களுக்கு நாக்கு எழவில்லை, 'ரகு சார்' என்று பாதி வழியில் சமாதானம் ஆனோம். மீசை நரைத்த ஃபிட்டர்களும் டர்னர்களும் ஒருவருக்கொருவர் பந்து எறிந்து, பிடித்ததும் அவரவர் பெயரை இங்கிலீஷில் சொன்னோம். சிரிக்கிறீர்களா? நாங்களும் சிரித்தோம். சிரிப்பதற்கு மட்டும் அங்கே தடை இல்லை. தடையெல்லாம் தமிழுக்குத்தான். வகுப்புக்குள் நுழைந்ததும் சாருக்குத் தமிழ் தெரியாது. அப்படித்தான் அங்கே பழக்கினார்களாம். யாராவது வாய் தவறித் தமிழில் கேட்டால், கையைக் காதில் வைத்துக்கொண்டு புரியாதவர் போலப் புன்னகைத்து, "இங்கிலீஷ் ப்ளீஸ்" என்பார். கோபமே கிடையாது. அதுதான் கொடுமை.

எங்களில் தேவராஜ் என்று, லேத்தில் இரும்பு கடையும் டர்னர் ஒருவர் இருந்தார். சூப்பர்வைசர் வேலைக்கு இங்கிலீஷில் இண்டர்வியூ வரவிருந்தது. இரண்டு தடவை நழுவிப்போன வேலை. இந்தத் தடவையும் போனால் வயசு தாண்டிவிடும், ரிட்டயர் ஆகும்வரை அதே லேத்துதான். அதற்காகத்தான் அந்த மனுஷன் ஷிப்ட் முடிந்த களைப்போடு வந்து பந்து பிடித்தார்.

ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், இண்டர்வியூவ நாளைக்கே வெச்சுட்டாங்கோ. இன்னா கேப்பாங்கோ, இன்னா சொல்லணும், அத்த மட்டும் இன்னிக்கு சொல்லிக் குடு சார்."

சார் காதில் கை வைத்தார். "இங்கிலீஷ் ப்ளீஸ்."

தேவராஜ் வாயைத் திறந்தார், மூடினார். இத்தனையையும் இங்கிலீஷில் சொல்லத் தெரிந்தால் அவர் ஏன் வகுப்புக்கு வருகிறார்? போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பாடம், ஓட்டலில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் கேட்பது எப்படி என்பது.

இரண்டு நாள் கழித்து முகமெல்லாம் பல்லாக வந்தார். இண்டர்வியூவில் மூன்று அதிகாரிகளாம். இங்கிலீஷ் தடுமாறியதும் நடுவில் இருந்த நம் ஊர்க்கார அதிகாரி, பதறாதீங்க, வேலையைப் பற்றித்தானே கேட்கிறோம், தமிழிலேயே சொல்லுங்க என்றாராம்.

"நானு ஏமாறுவேனா சார்? நீங்க பண்றா மாரியே டெஸ்ட் பண்றாங்கோன்னு உஷாராய்ட்டேன். திருப்பித் திருப்பிக் கேட்டாங்கோ. கம்முனு சிரிச்சிகினே இருந்துட்டேன்."

வகுப்பு முழுக்க சார் முகத்தைப் பார்த்தது. அவர் கையிலிருந்த பந்து நழுவி உருண்டது. மூன்று மாதப் பயிற்சியும் ஒரு நொடியில் கழன்றுபோக, "அட, தமிழ்லயே சொல்லியிருக்கலாமேய்யா" என்றார். இருபது வருஷமாக அந்த லேத்தில் நின்றவருக்கு அந்த வேலையைப் பற்றித் தமிழில் சொல்லவா தெரியாது?

தேவராஜின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"இந்தத் தமிழ அன்னிக்கே பேசிருக்கலாமே சார்."

வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. தேவராஜ் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

நமக்கென்ன, நாம்தான் சீமைக்கே போகவில்லையே என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டு படிக்கிறீர்கள், அப்படித்தானே? இந்த இனத்தில் சேர பாஸ்போர்ட் வேண்டியதில்லை. நேற்று உங்கள் வீட்டில் யாரோ அவசரமாக ஏதோ சொல்ல வந்தார்கள். "முதல்ல ஒழுங்காச் சொல்லக் கத்துக்கோ" என்றீர்கள். திரும்பிப் போய்விட்டார்கள். என்ன சொல்ல வந்தார்கள் என்று, போய்க் கேட்டீர்களா?