பலாமரத்தடிப் பூவும் பூட்டிய கேட்டும்

கரமனை,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி தம்பி நாகேஸ்வரனுக்கு அக்கா தர்மாம்பாள் மனசார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், பலாமரத்தடியைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே இருந்தவர்கள்: நான், என் பிள்ளை கேசவ், மருமகள் விஜயலக்ஷ்மி, பக்கத்து வீட்டு அம்மிணி, சிமெண்ட் மேஸ்திரி திரவியம். நீ இல்லை. இருட்டோடு தம்பானூருக்கு பஸ் பிடிக்கப் போய்விட்டாய்.

கேசவ் பழைய கார் ஒன்று வாங்குகிறானே, அதை நிறுத்த மரத்தடி முழுக்க சிமெண்ட் போடணுமாம். "அங்க பூ பூக்க வெச்சுக் காட்டும்மா, விட்டுடறேன்"னு சவால் விட்டான். அங்கே வெயில் எட்டிப் பார்க்காது, மழை இலையோடு நின்றுவிடும், மிச்ச ஈரத்தை வேர் குடித்துவிடும். முதலில் பத்துமணிப் பூ வைத்தேன். ஒரு மொட்டு விடாமல் சோர்ந்து விழுந்தது. விஜயலக்ஷ்மி சிரித்தாள். எந்தப் புடவையில் சிரித்தாள் என்பதுகூட ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆற்றங்கரை மதிலோரம் நிழலில் தானாக மண்டிக் கிடந்த, வயலட் பூப் பூக்கும் வெடிக்காய்ச் செடியைக் கிழங்கோடு கொண்டு வந்தேன். அதன் காயை எச்சில் தொட்டு வெடிக்கவிட்டு நீ வாத்தியாரிடம் அடி வாங்கினாயே, அதே செடிதான். வேருக்கும் வேருக்கும் நடுவே கரண்டிக் காம்பால் குழி தோண்டி, சாணம் போட்டு, உதிர்ந்த சருகாலேயே மூடி, அரிசி களைந்த தண்ணீர் விட்டேன். தரையோடு பரவி, சனிக்கிழமை மொட்டும் மொட்டுமாக நின்றதை நீயே பார்த்தாய்.

நம்ம தெரு பஞ்சாபகேசனைத்தான் தெரியுமே. யார் வீட்டில் எது பூத்தாலும் விடியலில் அவர் கூடைக்குள். சாமிக்கு என்பதால் யாரும் வாய் திறக்க முடியாது. அதனால்தான் போகும்போது கேட்டை வெளியே பூட்டி, சாவியை உள்ளே எறியச் சொன்னேன். பூட்டு பூட்டினபடி, சாவி சொன்ன இடத்தில். நீயாவது சொன்ன பேச்சைக் கேட்டாய்.

எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனால், வெறும் பச்சை!

"பூ எங்கம்மா?" என்றான் கேசவ்.

கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்த அம்மிணி, "பிள்ளையாருக்கு இன்னிக்கு வயலட் பூவாக்கும். என்ன பங்கி, என்ன அழகு தெரியுமோ!" என்றாள்.

"கோயில்ல இருந்தா அது கோயில் பூம்மா" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை மணல் இறக்கும்படி திரவியத்திடம் சொல்லிவிட்டான்.

அந்தப் பஞ்சாபகேசன் இந்த வயதில் மதிலேறிக் குதித்திருக்கிறார்! ஏழு ஜன்மத்துக்கும் அவரோடு எனக்குப் பேச்சில்லை.

நீயும் உன் ஆம்படையாளும் குழந்தைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கணும்.

அன்புள்ள அக்கா,
தர்மாம்பாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் பஞ்சாபகேசனே வந்தார், காலிக் கூடையோடு. கேசவ் எதிரிலேயே சண்டை: "ஞாயித்துக்கிழமை உங்காத்து மரத்தடியில கூடை நிறையக் கிடைச்சுது. இப்படித் தினம் பூட்டி வெச்சா பிள்ளையாருக்கு நான் என்ன மாமி பதில் சொல்றது?" கேசவ் தலையைச் சொறிந்துகொண்டு, மணல் வேண்டாம் என்று திரவியத்துக்கு போன் பண்ணிவிட்டான். மரத்தடி இனி என்னுடையது. சாட்சி சொன்னவருக்குக் காபி கொடுத்து, "மதில் எப்படி ஏறினேள்?" என்றேன். "மதிலா? உங்க தம்பின்னா உள்ள விட்டார்! 'தாராளமாப் பறிச்சுக்கோங்கோ, அக்காவுக்குப் புண்ணியம்'னு கூடையைக்கூடப் பிடிச்சுண்டார். அப்புறம்தான் பூட்டினார்" என்றார். மேலே எழுதின ஆசீர்வாதம் உன் ஆம்படையாளுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும். பஞ்சாபகேசனை மன்னித்தாயிற்று. உயிருள்ளவரை நான் மன்னிக்க மாட்டாத ஆள் ஒருத்தன்தான்: நாகேஸ்வரன்.