என் பட்டறையும் ஒரு பழைய குகையும்

உயிரே போனாலும் என் பட்டறை அறையை விட்டுத்தரப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது!

நான் பூட்டு சாவி ரிப்பேர் பார்க்கிறவன். வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் என் மேஜை, அரம், சாவிக் கொத்துகள். அதற்குத்தான் மனைவி பல நாளாகக் குறி வைத்திருந்தாள்.

"எங்க அம்மா இனிமே நம்மகூடத்தான் இருக்கப் போறாங்க. உங்க மேஜையைத் தூக்கி பால்கனியில போட்டுக்கங்க."

"பால்கனியா? நான் என்ன துணி காயப்போடுற கொடியா?"

"பித்தளைத் தூள் காலெல்லாம் குத்துதுங்க."

"ஆதிமனுஷனுக்கே குகைக்குள்ள தொழில் பண்ண ஒரு இடம் இருந்திருக்கும்டி! மலையடிவாரத்துல ஒரு பழைய குகையைத் தோண்டி வச்சிருக்காங்களே, வா, கண்ணால காட்டுறேன்."

"சரி. நாளைக்கே போவோம்."

எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன், மடையன்! கிளம்பும்போது அறையைப் பூட்டினேன். முரட்டுப் பூட்டு. திருடன் வந்தால் அழுதுவிட்டுத்தான் போவான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

குகையில், தோண்டும் குழுவில் இருந்த ஒரு பெண் கையில் பிரஷ்ஷோடு சுற்றிக் காட்டினாள். படுத்த இடம், அடுப்பு மூட்டிய சாம்பல், எல்லாம் உள்ளே.

"கல் ஆயுதம் செஞ்ச இடம் எதும்மா?" என்றேன் மிடுக்காக.

"வாசலுக்கு வெளியங்க, அந்தப் பாறைகிட்ட. சீவின சில்லெல்லாம் அங்கதான் குவிஞ்சு கிடக்கு."

"வெளியிலயா?" மனைவி முகத்தில் நூறு வாட்ஸ் பல்பு.

"உள்ளே சீவினா படுக்கிறவங்களைக் குத்துமேம்மா. வெளிச்சமும் வேணுமில்ல?"

"கேட்டீங்களா? அவனுக்கு இருந்த அறிவு..."

"அறிவாவது மண்ணாவது! அவனுக்கும் பொண்டாட்டி இருந்திருக்கா, துரத்திவிட்டிருக்கா!"

"உள்மூலையில ஒரு வயசான அம்மாவோட எலும்பு கிடைச்சிருக்குங்க," என்றாள் அந்தப் பெண். "நல்ல கதகதப்பான இடம்."

மாமியார்! எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே வந்து அறையைப் பிடித்திருக்கிறாள்! எனக்குக் காதில் புகை வந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். குகை எப்படியோ போகட்டும், சாவி என் பையில் இருக்கிறது, எவள் என்ன செய்துவிட முடியும் என்று கறுவிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்தால், பால்கனியில் என் மேஜை! அரமெல்லாம் வரிசையாக. மேலே தார்ப்பாய் வேறு. அறைக்குள் மாமியார் காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"யாருடி என் பூட்டை உடைச்சது?" நான் கத்தியது அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.

"மெதுவாங்க, அம்மா தூங்குறாங்க. யாரும் உடைக்கல. அம்மாவைக் கூட்டிட்டு வந்த என் தம்பி திறந்தான்."

"சாவி என்கிட்ட இருக்கே!"

"போன வாரம் எதிர்வீட்டு அக்காவோடதுன்னு ஒரு சாவி கொடுத்து, அதேமாதிரி இன்னொண்ணு போட்டுத் தரச் சொன்னேனே? அது இந்த அறைச் சாவிதான், உங்க சட்டைப் பையில இருந்து எடுத்தது."

தினம் எத்தனையோ சாவியை அரத்தால் ராவுகிறேன். யாருடையது என்று எவன் பார்த்தான்?

"சும்மா சொல்லக்கூடாதுங்க," என்றாள் மனைவி. "முதல் திருப்புலயே திறந்துச்சாம். அத்தான் கைவேலையே தனிதான்னு தம்பி ஒரே புகழ்ச்சி."