ஹென்றி கிண்டிய பசை

அறுபத்தெட்டாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கடையில் வாங்குவதில்லை, என் கையாலேயே செய்வது என்று முடிவு செய்தேன். ஹார்பர் முழுக்க அறிவித்தும் விட்டேன். நான் கிரேன் ஓட்டுகிறவன். கப்பலிலிருந்து ரயில் இன்ஜினையே இறக்கி வைத்தவனுக்கு, நாலு மூங்கில் குச்சியில் கலர்த்தாள் ஒட்டுவது ஒரு வேலையா?

ராயபுரத்தில் என் வீட்டில் மட்டும் அபிப்பிராயம் வேறாக இருந்தது.

"கோந்து வாங்கினியாய்யா?" என்றாள் என் மனைவி ஃப்ளோரன்ஸ்.

"கோந்து எதுக்கு? மைதா கீதுல்ல? பசை நானே காய்ச்சிக்கிறேன்."

"அது பண்டிகைப் பலகாரத்துக்கு, கல்கல் சுட வச்ச மைதா."

"ஒரு டம்ளர் குடு. குடி முழுகிடாது."

"காய்ச்சத் தெரியுமா?"

"நீ கிட்ட வராதே. அது போதும்."

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மைதாவை மொத்தமாகக் கொட்டிக் கிண்டினேன். வலது கை ஓய்ந்ததும் இடது கையால் கிண்டினேன். நான் கிண்டக் கிண்ட அவள் கிண்டல் செய்தாள்.

"இன்னாய்யா இது, பசையா, கொழுக்கட்டையா?"

சட்டிக்குள் எல்லாம் கட்டி. வெளியே நின்று சிரித்தவள் நான் கட்டினவள்.

"கட்டி இருந்தாத்தான் பிடிப்பு" என்றேன்.

ஒட்டி, வாசலில் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு எல்சி பார்க்க வந்தாள். அண்ணாந்தாள். அஞ்சு மூலையும் ஒரே சமயத்தில் வாயைப் பிளந்தன. சிவப்புத் தாள் ஒன்று அவள் தலையில் முக்காடாக விழுந்தது.

"இன்னும் காயல எல்சி" என்று சொல்லிவிட்டு டூட்டிக்கு ஓடினேன்.

மறுநாள் திரும்பி வந்தால், ஸ்டார் ஜம்மென்று தொங்குகிறது! இழுத்துப் பார்த்தேன். தாள் அசையவில்லை.

"பாத்தியா? காய்ஞ்சதும் எப்படிப் பிடிச்சிக்கினு கீது!"

சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். "உன் கைராசிய்யா" என்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் பாராட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு விட்டாளா? குழாயடியில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று மார்பை நிமிர்த்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் எல்சி வந்தாள், கையில் மைதாக் கிண்ணத்தோடு.

"ஹென்றி அண்ணாத்தே, எங்க வூட்டுக்கும் ஒரு சட்டி கிண்டிக் குடு. உன் கை பட்டாத்தான் ஒட்டுதாமே!"

அவளுக்குப் பின்னால் பாதித் தெரு. ஆளுக்கொரு கிண்ணம். கோயிலில் ஜோடிக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கென்று ஒருத்தி வாளியே கொண்டு வந்திருந்தாள். முடியாது என்றால் மானம் போகும். உள்ளே ஓடி ஃப்ளோரன்ஸின் காதில் கிசுகிசுத்தேன்.

"மறுபடியும் கட்டி விழுந்தா?"

"மொதல்ல பச்சத் தண்ணியில மாவக் கரை. அப்பால அடுப்புல வை" என்றாள், முக்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தபடி.

பசை கண்ணாடி மாதிரி வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அடிப்பாவி! அந்த ஸ்டாரை நீதானே ஒட்டினே?"

"பின்ன?"

"அத அப்பவே ஊருக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா இம்மாம் பேருக்கும் நானில்ல கிண்டிக்கினு இருக்கணும்?" என்று அடுத்த கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.