பிள்ளைகள் தொடாத பிள்ளைப் புத்தகங்கள்

சிறுவர் இலக்கிய வரலாற்று ஆர்வலர் என்றொரு பிராணி உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். வெள்ளைப் பருத்திக் கையுறையைக் கொண்டு அவரை அடையாளம் காணலாம். சிறுவர்களைக் கண்டால் அவர் முகம் போகிற போக்கைக் கொண்டும் காணலாம்.

ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான பல்லாரட்டில் அவர் பெயர் லென் டிரெவேனா. மூன்று நூற்றாண்டுச் சிறுவர் நூல்கள் அவருடைய கண்ணாடி அலமாரிகளில் மூச்சுவிடாமல் நிற்கின்றன. அடம்பிடித்த பிள்ளை நரகத்துக்குப் போன காலம், பிறகு பொய் சொன்ன பிள்ளைக்குக் காய்ச்சல் மட்டும் வந்த காலம், அதற்கும் பிறகு விலங்குகளுக்குச் சட்டை மாட்டிவிட்டுப் பிள்ளைகளைச் சற்று நிம்மதியாக விட்ட காலம் என்று எல்லாவற்றையும் தாளின் கனம், தையலின் வகை, அச்சகத்தின் முகவரி சகிதம் மணிக்கணக்கில் விளக்குவார். கதை என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "பிரிச்சா புத்தகத்தோட முதுகு விட்டுடும்" என்பார்.

அவருடைய உச்சபட்சப் பாராட்டு: "எந்தக் குழந்தையும் தொடல!"

யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் விரும்பிய புத்தகங்கள் கிழிந்தன, நனைந்தன, நாயின் வாய்க்குப் போயின. அவர்கள் சீந்தாதவைதான் பத்திரமாகத் தப்பின. தப்பியவற்றை அடுக்கி வைத்துக்கொண்டு, பிள்ளைகள் இவற்றைத்தான் படித்தார்கள் என்று நாம் வரலாறு எழுதுகிறோம்.

சென்ற மாதம் நூலகத்தில் லென்னின் கண்காட்சி. நடு அலமாரியில் ஓர் இடம் காலி. உள்ளூரில் அச்சான 'குடை கேட்ட கங்காரு' ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை என்று வெகுகாலமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். கடைசியில் அது அவருடைய அடுத்த வீட்டு கெய்லீனிடமே இருந்தது. திறப்பு நாள் காலையில், மகள் டெஸ்ஸையும் புத்தகத்தையும் சேர்த்தே அழைத்து வந்தாள். அட்டை இல்லை. ரொட்டியில் தடவித் தின்னும் வெஜிமைட்டின் கறை. கங்காருவுக்குப் பச்சைக் கிரேயானில் மீசை.

"ஐயோ, படிச்சிருக்காங்களே!" என்றார் லென்.

"புத்தகத்த வேற என்ன பண்ணுவாங்க லென்? எங்கம்மா படிச்சது, நான் படிச்சது. இப்ப இவ. இது இல்லாம தூங்க மாட்டா. ஒரு வாரம்தான்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

ஐந்து வயது டெஸ் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள். "கண்ணாடிக்குள்ள வச்சா யாரு படிப்பா?"

"யாரும் படிக்க மாட்டாங்க, கண்ணு. பத்திரமா இருக்கும்."

டெஸ் யோசித்தாள். "சரி, தர்றேன். ஆனா ஒண்ணு சொல்லணும். கங்காரு குடை வாங்கிட்டு மழைக்குக் காத்துக்கிட்டே இருந்துச்சுல்ல? மழை பெஞ்சுதா?"

லென் புத்தகத்தை வாங்கி, கையுறை விரலால் கடைசிப் பக்கத்தைத் தேடினார். அது இல்லை. அச்சான ஆண்டு தெரியும், படம் வரைந்தவரின் ஊர் தெரியும். மழை?

"அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சே!"

"எனக்குத் தெரியும். அம்மா வாயாலயே சொல்லுவாங்க."

கேட்கமாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற நான்கூடக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

லென் ஆவலோடு குனிந்தார். "அந்தப் பக்கத்துல, அடியில, அச்சகத்தோட பேர் இருந்துச்சான்னு அம்மா சொன்னாங்களா, கண்ணு?"

டெஸ் புத்தகத்தை அவர் கையிலிருந்து எடுத்து மூடினாள். "அம்மா, வீட்டுக்குப் போலாம்."

கண்காட்சி முடியும்வரை அந்த இடம் காலியாகவே இருந்தது. சிறுவர் இலக்கிய வரலாறு அங்கே பிழையில்லாமல் சொல்லப்பட்டிருந்தது அந்த ஓர் இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். நான் வாசல்வரை ஓடிப்போய், டெஸ்ஸிடம் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

லென்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், மழை பெய்ததா என்று நீங்களும் இன்னும் கேட்கவில்லையே?