நாற்பத்தேழாம் எண் காகிதம்

அன்புள்ள தம்பி தூங்குமூஞ்சிக்கு,

பாராளுமன்றக் கட்டிடத்தில் டீ வண்டி தள்ளும் உன் அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை விசாரித்துப் பதில் போடாதே, அதற்குப் படிக்கத் தெரியாது. அங்கே நீயும், உன் வீட்டுக்காரியும், என் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். மூன்று வாரமாக நீ என் போனை எடுக்காததால், மூன்றாம் வகுப்போடு நின்றுபோன என் கையெழுத்தை அனுபவிக்க வேண்டியது உன் தலையெழுத்து. முதலில் உட்கார். ஒரு டம்ளர் தண்ணீர் குடி. குடித்தாயா? சரி. உன் விஷயம் பாராளுமன்றக் குழுவுக்குத் தெரிந்துபோயிற்று.

கத்தாதே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். உன் பேர் யாருக்கும் தெரியாது, உன் ஸ்டேஷன் எதுவென்றும் தெரியாது. நடந்தது என் தவறுதான், ஆனால் கைதவறி நடந்த தவறு. பொறுமையாகப் படி.

நான் டீ கொடுக்கிற மூன்றாம் அறையில் நாலு மாதமாக ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது. போலீஸ்காரர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், பிடித்து வந்த ஆளை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வரப்போகிறது. அதைத்தான் இந்தப் பதினோரு பேரும் பிரிவு பிரிவாகப் பிரித்து மேய்கிறார்கள். ஒரு இடத்தில் ‘அல்லது’ போடுவதா ‘மற்றும்’ போடுவதா என்று இரண்டு நாள் சண்டை போட்டார்கள், அதற்குள் என் கெட்டில் இரண்டு தடவை ரிப்பேருக்குப் போய் வந்துவிட்டது. தலைவரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிறவர், ஆனால் யார் என்ன பேசினாலும் ஒரு வார்த்தை தப்ப விடமாட்டார். அவருக்கு எதிரே மீசைக்காரர், முப்பது வருஷம் போலீஸ் அதிகாரியாக இருந்துவிட்டு உறுப்பினர் ஆனவர். டாக்டர் சொன்னார் என்று சர்க்கரை இல்லாத டீ கேட்பார், நான் வண்டியைத் திருப்பியதும் பக்கத்துக்காரரின் சர்க்கரையை எடுத்துப் போட்டுக்கொள்வார். அப்புறம் செயலர். கையில் முத்திரை வைத்திருப்பவர் அவர்தான், எல்லா வினையும் அவரால் வந்ததுதான். அந்த அறையில் ஒரு முறை உண்டு: மேசைக்கு வந்த காகிதம் எதுவானாலும் முத்திரை குத்தி எண் போட வேண்டும், எண் போட்டால் வாய்விட்டுப் படிக்க வேண்டும், படித்துவிட்டால் குறிப்பில் ஏறும், ஏறினது இறங்காது. போன வருஷம் அங்கே வேறொரு குழு உட்கார்ந்தபோது ஒரு உறுப்பினரின் சலவைச் சீட்டு கோப்புகளோடு கலந்துவிட்டது. செயலர் அசரவில்லை. எண் போட்டு, “சட்டை மூன்று, போர்வை ஒன்று, பித்தான் இல்லாதது” என்று நிறுத்தி நிதானமாகப் படித்தார். அந்தப் போர்வை இன்றைக்கும் பாராளுமன்றக் குறிப்பில் இருக்கிறது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அன்று பதினேழாம் பிரிவு. தான் கண்ட தப்பை, ஏன், தானே பயந்துபோய்க் கையெழுத்துப் போட்ட பொய்யைக்கூட, ஒரு போலீஸ்காரர் முன்வந்து சொன்னால் அவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது, கண்காணாத ஊருக்குத் தூக்கியடிக்கவும் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. நான் கோப்பை வைத்துக்கொண்டிருக்கும்போதே மீசைக்காரர், “நாலு மாசத்துல நாப்பத்தாறு காகிதம் வந்திருக்கு. அதுல ஒரு போலீஸ்காரர் எழுதினது உண்டா? கேக்க ஆளே இல்லாத பிரிவு எதுக்குங்க? எடுத்துருவோம்” என்றார். பாதிப்பேர் தலையாட்டினார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் ஓட்டு என்று எழுந்து போனார்கள்.

அந்த இடைவேளையில்தான் நான் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதி உறையில் போட்ட கையோடு கோப்பைகளை எடுத்தேன், தட்டுகளை அடுக்கினேன், மேசையைத் துடைத்தேன், கடிதத்தை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். வயசாகிவிட்டதல்லவா. திரும்ப ஓடி வருவதற்குள் செயலர் ‘டொக்’ என்று முத்திரை குத்திவிட்டார்.

“ஐயா, அது என் தம்பிக்கு எழுதினது, குடுத்துருங்க!”

“மேசைக்கு வந்துருச்சேம்மா.”

“குடும்ப விஷயம்யா!”

“எண் போட்டாச்சு. நாப்பத்தேழு.”

தலைவரம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதுல முகவரியே இல்லையே?” என்றார். எழுத மறந்துட்டேன் என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு, “படிங்க” என்றார்.

செயலர் படித்தார். அந்த மனுஷரின் குரலில் சாவு அறிவிப்பும் கல்யாண அழைப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். “‘டேய் தூங்குமூஞ்சி, மடையா, கால் ஆணிக்குக் களிம்பு போட்டாயா இல்லையா, எருமை.’” ஒரு உறுப்பினர் கையைத் தூக்கி, “இந்தக் கால் ஆணி எந்தப் பிரிவுல வருது?” என்று கேட்டார். “அது பொதுக் கருத்து, மேல படிங்க” என்றார் தலைவரம்மா. இன்னொருவர் எழுந்து மடையன், எருமை இரண்டும் அவைக்கு ஆகாத சொற்கள் என்றார், குறிப்பில் ஏறும் முன்பே நீக்கிவிட்டார்கள். ஆகவே தம்பி, நான் உன்னைத் திட்டினதே இல்லை, அரசாங்க ஆதாரம் இருக்கிறது.

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. “‘பெஞ்சில் உட்கார்ந்தால் தூங்குவாய், பஸ்ஸில் நின்றால் தூங்குவாய், உன் கல்யாணத்தில் போட்டோக்காரர் உன்னை மூன்று தடவை எழுப்பினார். இப்போது கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை என்கிறாள் உன் வீட்டுக்காரி. அந்தப் பூட்டுக்காரரைத் திருட்டுக் கேஸில் பிடித்து வந்து உன் பெரிய அதிகாரி அடித்தார், அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. அந்தக் கை இல்லாமல் அவர் எப்படிச் சாவி ராவுவார்? படியில் தவறி விழுந்தார் என்று எழுதச் சொன்னார்கள். நீ எழுதிக் கையெழுத்தும் போட்டாய். அடேய், உன் ஸ்டேஷனில் படி எங்கேடா இருக்கிறது? மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்து உன் பூட்ஸைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போகிற ஸ்டேஷன் அது. என் அடுப்படியில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு, யாருக்கும் சொல்லாதே அக்கா என்று அழுதாயே. சொல்லவில்லை. ஆனால் நீ தூங்க வேண்டும்.’”

செயலர் காகிதத்தை மடித்து வைத்தார். அவர் ஒரு காகிதத்தை மடித்து நான் பார்த்ததே இல்லை, எப்போதும் துளை போட்டுக் கோப்பில்தான் மாட்டுவார். மீசைக்காரர் கோப்பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

“எங்க காலத்துலயும் படின்னுதான் எழுதுவோம்” என்றார், யாரிடம் என்றில்லாமல். “நானும் எழுதியிருக்கேன். அந்த ஸ்டேஷன்ல படி இருந்துச்சா இல்லையான்னு இப்ப ஞாபகம் வரலை.”

டீயைக் குடித்து முடித்துவிட்டு, “நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். பிரிவு இருக்கட்டும்” என்றார். தலைவரம்மா என்னைக் கூப்பிட்டார். “அம்மா, உங்க தம்பி வந்து பேசுவாரா? கதவைச் சாத்திட்டுத்தான் கேப்போம். பேர் எழுத மாட்டோம். இந்த அறையில சொன்னதை வெச்சு அவரை யாரும் தண்டிக்க முடியாது. ஆனா அவரா வரணும், நாங்க இழுத்துட்டு வரமாட்டோம்.” அடுத்த வாரம் வியாழக்கிழமை பதினோரு மணி என்று குறித்திருக்கிறார்கள். பேர் போடக் கூடாதென்பதால் செயலர் ‘சாட்சி: தூங்குமூஞ்சி’ என்று தட்டச்சு செய்து மூன்று பிரதி எடுத்துவிட்டார். கோபித்துக்கொள்ளாதே, முத்திரையோடு பார்க்க மரியாதையாகத்தான் இருக்கிறது.

தம்பி, நீ வரத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயமாக இருந்தால் வராதே. அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது, அவள் எழுதினதெல்லாம் கட்டுக்கதை என்று ஒரு வரி எழுதி அனுப்பு, நாற்பத்தெட்டு என்று எண் போட்டு அதையும் படிப்பார்கள். நான் டீ ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொள்வேன், உன்மேல் ஒரு வருத்தமும் இருக்காது. சின்ன வயசில் நீ உடைத்த கண்ணாடிக்கெல்லாம் நான்தானே அடி வாங்கினேன், இது எனக்குப் பழக்கம்தான். என் மறதியால் உனக்கு இவ்வளவு தொந்தரவு, அக்காவை மன்னித்துவிடு.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. என் மருமகளின் இரண்டு கன்னத்திலும் என் கணக்கில் முத்தம் கொடு. நீ நன்றாக இருக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், வேறு ஆசீர்வாதம் என் கைவசம் இல்லை.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: பதினெட்டு வருஷமாக அந்த மேசையைத் துடைக்கிறேன். ஒரு ஸ்பூனை அதில் மறந்துவைத்தது கிடையாது. கடிதத்தையா மறப்பேன், மடையா? முகவரியும் மறதியில் விட்டுப்போகவில்லை, அது உனக்கு அனுப்ப எழுதின கடிதமே இல்லை. தலைவரம்மாவுக்கு அது புரிந்துவிட்டது, உனக்குத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் நீலச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி உன் வீட்டுக்காரிக்கு நேற்றே போன் செய்துவிட்டேன், அவள் என் போனை எடுக்கிறாள். டீ வண்டி போகிற பின்வாசல் வழியாக வா, நான் நிற்பேன். அங்கே ஏழு படி இருக்கிறது, நிஜமாகவே இருக்கிறது. பார்த்து ஏறு.