பிஸ்கட் கலர்

“மஞ்சளா இருக்குதாம் சார். மொத்த லாட்டும் ரிஜெக்ட்டாம்.”

மதியழகன் இதைச் சொன்னதும் சுந்தர்ராஜுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ராணிப்பேட்டையில் அந்தத் தோல் கம்பெனியில் அவர் ஷேடு மாஸ்டராக உட்கார்ந்த நாளிலிருந்து, கலர் சரியில்லை என்று ஒரு தோல்கூடத் திரும்பி வந்ததில்லை. பையன் வேறு ஏதோ கம்பெனியின் போனை எடுத்துப் பேசிவிட்டு வந்திருப்பான் என்று நினைத்தார்.

“எந்த லாட்டு?”

“பிஸ்கட் கலர் சார். ஷூவுக்கு உள்ள ஒட்டற லைனிங் தோலு.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் பிஸ்கட் கலர் என்பது சுந்தர்ராஜின் சொந்தச் சொத்து.

வெளிநாட்டுக்காரர்கள் முதன்முதலில் அந்தக் கலருக்குச் சாம்பிள் துண்டு அனுப்பிய அன்று, அதை எடுத்துத் தன் இடது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். துண்டைக் காணோம். கையும் துண்டும் அப்படி ஒன்றாகக் கலந்துபோயிருந்தன. அன்றைக்குச் சாம்பிளை மேசை டிராயரில் போட்டவர்தான். அதற்கப்புறம் பிஸ்கட் கலர் என்றால் வடக்கு ஜன்னலோரம் போவார், தோலை உள்ளங்கையில் விரிப்பார், தலையை ஆட்டுவார். லாட் பாஸ்.

கலர் பார்ப்பதற்கென்றே முதலாளி ஒரு லைட் பாக்ஸ் வாங்கிப் போட்டிருந்தார். சுந்தர்ராஜ் அதற்குள் டிபன் பாக்ஸை வைத்துக்கொள்வார். “சாம்பிள் துண்டு நாளாவட்டத்துல வெளுத்துடும். பல்பு மங்கிடும். கை வெளுக்குமாடா?” என்று மதியழகனிடம் அடிக்கடி கேட்பார். அவன் பாவம், உதவிக்கு இருப்பவன், என்ன சொல்வான்?

கையை அவர் அப்படிப் பாதுகாத்தார். அந்தக் கம்பெனியில் யார் கையும் பிறந்த நிறத்தில் இருக்காது. ஒருவனுக்கு நீலம், ஒருவனுக்குக் காப்பிப்பொடி நிறம். அதனால் அங்கே யாரும் யார் கையையும் கவனிப்பதில்லை. சுந்தர்ராஜ் மட்டும் சாய டப்பாவைத் தொடமாட்டார். வேலைக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் தோலைத் தொடுவார்.

திரும்பி வந்த தோலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கையில் விரித்தார். அச்சு அசலாகப் பொருந்தியது.

“இதுவாடா மஞ்சள்?”

“எனக்கும் லைட்டா மஞ்சளாத்தான் தெரியுது சார்.”

“நீ போய் மொதல்ல கண்ண காட்டு.”

செக்கிங் செய்தவன் ரிஹான். வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் வரும் ஆம்பூர்ப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் மொபைலில் விளையாடிக்கொண்டே பார்த்திருப்பான் என்று சுந்தர்ராஜ் தீர்மானித்துவிட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வாலாஜாபேட்டை வீட்டுக்குப் போனதும் சோபாவில் தொப்பென்று விழுந்தார். மனைவி லில்லி விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தாள். மகள் எப்சி மட்டும் அசரவில்லை. வேலூரில் பயோகெமிஸ்ட்ரி படிக்கிறவள். போன மழைக்காலத்தில் வீடே காய்ச்சலில் படுத்ததிலிருந்து குடும்பத்தின் எதிர்ப்புச் சக்தி அவள் பொறுப்பில் இருந்தது; தினமும் எல்லோருக்கும் ஒரு டம்ளர் ஜூஸ் அளந்து கொடுப்பாள்.

“டென்ஷன் ஆனா இம்யூனிட்டி கம்மியாய்டும்பா. இந்தா, இன்னொரு டம்ளர் குடி.”

டம்ளரில் கேரட், பரங்கிக்காய், பப்பாளி எல்லாம் சேர்த்து அரைத்த ஜூஸ். மேலே தேங்காயெண்ணெய் மிதந்தது.

“இது இன்னாம்மா செய்யும்?”

“பீட்டா கரோட்டீன்பா. நம்ம செல்லுங்கள அரிக்கற ஃப்ரீ ராடிக்கல்ஸ புடிச்சி அடக்கும். கொஞ்சம் வைட்டமின் ஏ-வா மாறும், வெள்ளை அணுக்களுக்குத் தெம்பு. எண்ணெய்ல கரையற ஐட்டம், அதான் ஒரு ஸ்பூன் ஊத்தியிருக்கேன்.”

“ஜாஸ்தியாய்ட்டா?”

“வீணாவாதுப்பா. உடம்பே எடுத்து அங்கங்க சேத்து வெச்சிக்கும்.”

மகள் படித்த படிப்புக்கு மரியாதை கொடுத்து மடக்கென்று குடித்தார். மறுநாளிலிருந்து கம்பெனிக்கும் ஒரு பாட்டில் போனது. டிபன் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே, லைட் பாக்ஸுக்குள்.

அடுத்த லாட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கையைவிட ஒரு இழை வெளுப்பாகத் தெரிந்தது. “மதி, சாய டிரம்முல இன்னும் கொஞ்சம் மஞ்சள் போடச் சொல்லு.”

“சார், ஏற்கனவே மஞ்சள்னுதான...”

“போடுடா!”

போட்டார்கள். தோல் கையோடு கச்சிதமாகப் பொருந்தியது. ரிஹான் அதையும் திருப்பி அனுப்பினான்.

சுந்தர்ராஜ் ஜன்னலைச் சந்தேகப்பட்டார். ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார். எதிரே காயப்போட்டிருந்த சிவப்புத் தோல்களை அப்புறப்படுத்தச் சொன்னார். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் டிராயரைத் திறந்து அந்தப் பழைய சாம்பிளை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

தூக்கிவாரிப் போட்டது. சாம்பிள் வெளுத்துக் கிடந்தது! கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

“பாத்தியா! நான் சொன்னேன்ல, துண்டு வெளுத்துடும்னு! அந்தப் பையனும் இப்பிடி வெளுத்துப்போன துண்ட வெச்சிக்கினுதான் பேஜார் பண்றான்!”

சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பழைய சாம்பிளைக் குப்பையில் எறிந்தார். தன் கைக்குப் பொருந்திய புதுத் தோலில் நறுக்கென்று துண்டுகள் வெட்டி, பின்னால் கையெழுத்துப் போட்டு, டிரம் செக்‌ஷன், ஸ்ப்ரே செக்‌ஷன் என்று எல்லா இடத்துக்கும் அனுப்பினார். இனி இதுதான் பிஸ்கட். கம்பெனி முழுக்க ஒரே மனதாக மஞ்சள் அடிக்க ஆரம்பித்தது.

அடுத்து வந்தது போன் இல்லை, முதலாளியே வந்தார். கையில் தோல்.

“சுந்தர்ராஜ், இது பிஸ்கட்டா? சாம்பார்ல ஊறின பிஸ்கட்டா?”

“முதலாளி, ஷேடு கரெக்ட்டா...”

“உங்க கண்ணுல எதுவோ கோளாறு. போய்க் காட்டுங்க. இன்னொரு தடவ திரும்பி வந்துச்சுன்னா ஷேடு ரூம மிஷின் பாத்துக்கும். நீங்க பேக்கிங்குக்குப் போய்டுங்க.”

பேக்கிங்! அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை! மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் ‘ஷேடு சுந்தர்ராஜ்’ என்று ராணிப்பேட்டை முழுக்கப் பெயர் வாங்கியவர், கண் போய்விட்டால் அப்புறம் யார்?

வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஜூஸ் இறங்கியது, எப்சி விடவில்லை. “கண்ணுக்குன்னா கேரட்டவிட வேற இன்னா இருக்கு?” என்று அளவைக் கூட்டினாள். லில்லி பரங்கிக்காய்க் கூட்டு வைத்தாள். கணவனுக்குத் துணையாக அவளும் குடித்தாள், மகளும் குடித்தாள். குடும்பமே ஒரு முடிவோடு இருந்தது.

பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பெண்கள் லில்லியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“லில்லிக்கா, ஒரே தங்கமா மின்னறீங்களே! இன்னா க்ரீமு?”

“க்ரீமெல்லாம் இல்லம்மா. எல்லாம் உள்ளேர்ந்து வர்ற இம்யூனிட்டி.”

சுந்தர்ராஜ் கண்ணாஸ்பத்திரிக்குப் போனார். இருட்டறையில் உட்கார வைத்து, சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, புள்ளிப் புள்ளியாக இருந்த கலர்ப் படங்களைக் காட்டினார்கள். கடகடவென்று எல்லா எண்ணையும் படித்தார்.

“சார், உங்க வயசுல இப்பிடி ஒரு கண்ண நான் பாத்ததே இல்ல. வெள்ளை முழி பாருங்க, எவ்ளோ வெள்ளையா இருக்கு!” என்றார் டாக்டர்.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. சுந்தர்ராஜ் சந்தோஷப்படவில்லை. கண் நன்றாக இருக்கிறதென்றால் கோளாறு எங்கே? அப்படியானால் புத்தியிலா?

கடைசி லாட்டை அவர் மூன்று ஜன்னலில் வைத்துப் பார்த்தார். மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தார். ஜெபம் பண்ணிவிட்டும் பார்த்தார். எங்கே பார்த்தாலும் கையும் தோலும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தன. அனுப்பினார். மறுநாளே திரும்பியது.

சரி, முடிந்தது. சோறு போட்ட அறையை விட்டு மரியாதையாகவாவது போவோம் என்று, சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை முழுக்கையாகப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனார். ஷேடு ரூமில் முதலாளி நின்றிருந்தார். பக்கத்தில் ரிஹான், தலையைக் குனிந்தபடி. மதியழகன் மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சுந்தர்ராஜ் சாவியை மேசையில் வைத்தார்.

“கண்ணு நல்லாத்தான் இருக்குன்றாங்க முதலாளி. எனக்குத்தான் இன்னாவோ ஆய்டுச்சி. நான் பேக்கிங்குக்கே போய்டறேன்.”

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கப்பாவே உங்கள பத்தித்தான் பெருமையா சொல்வாரு. என் வேல அப்பிடி,” என்று ரிஹான் கையை நீட்டினான்.

சுந்தர்ராஜ் கை கொடுத்தார். ரிஹான் குலுக்கினான். விடவில்லை. குனிந்து பார்த்தான். வெள்ளைக் கைப்பட்டையைப் பார்த்தான், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். அவன் வாய் மெல்லத் திறந்தது.

“அங்கிள், கொஞ்சம் வாங்க.”

இழுத்த இழுப்பில் சுந்தர்ராஜ் லைட் பாக்ஸ் முன்னால் போய் நின்றார். பையன் டிபன் பாக்ஸை எடுத்து வெளியே வைத்தான். பாட்டிலை எடுத்தான். மூடியைத் திறந்து முகர்ந்தான்.

“இது இன்னா அங்கிள்?”

“கேரட்டு, பரங்கிக்காய், பப்பாளிப்பா. இம்யூனிட்டிக்கு. வீட்ல எல்லாரும் குடிக்கறோம்.”

“எவ்ளோ நாளா?”

“மழைக்காலத்துலேர்ந்து.”

ரிஹான் ஸ்விட்சைத் தட்டினான். வெளிச்சத்தில் அவரது உள்ளங்கையை விரித்து வைத்து, திரும்பி வந்த தோலை அதன்மேல் போட்டான். தோலைக் காணோம். தன் பையிலிருந்த ஒரிஜினல் சாம்பிளை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதன் பக்கத்தில் கை பாட்டில் ஜூஸ் மாதிரியே மஞ்சளடித்திருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். மதியழகன் எட்டிப் பார்த்தான். ரிஹான் நிமிர்ந்து, செக்கிங் ரிசல்ட் சொல்கிற அதே குரலில் சொன்னான்:

“கண்ணு ஓகே. மேட்சிங்கும் ஓகே அங்கிள். கைதான் ரிஜெக்ட்.”