ஞானப் பலகை

பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? சமூகக் கூடத்தில் எள் போட்டால் எண்ணெய் ஆகிவிடும், அவ்வளவு கூட்டம்!

மேடையில் 'ஞானப் பலகை' ஐயா. வித்தை சுலபம். ஆட்டிசம் உள்ள குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். குழந்தையின் விரல் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொடும். ஆன்மா பேசுகிறதாம்! எல்லா ஆன்மாக்களும் அச்சு அசல் ஐயாவைப் போலவே பேசியதுதான் வேடிக்கை. நாலு வயதுப் பொடியன்கூட "பிரபஞ்சப் பேரொளி" என்றான்.

தையற்காரியின் மகளுக்கு ஏழு வயது. இதுவரை ஒரு சொல் பேசியதில்லை. பலகையில் அவள் விரல் எழுதியது: "அம்மா, நீ என் உயிர்."

தையற்காரி தேம்பித் தேம்பி அழுதாள். ஏழு வருஷம் ஏங்கிய வார்த்தையாயிற்றே!

விரல் நிற்கவில்லை. "சங்கப் பணத்தை ஐயாவிடம் ஒப்படை."

அழுகை பாதியில் நின்றது. பெற்றோர் சங்கத்தின் பொருளாளரே அவள்தான். பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை வைப்பதற்காக மூன்று வருஷம் படியேறி இறங்கிச் சேர்த்த பணம் அது.

"குழந்தையே சொல்லிடுச்சு, குடுத்துடலாம்மா" என்றார் சங்கத் தலைவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

தையற்காரி மகளைப் பார்த்தாள். மகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. கண் போகாத இடத்தில் ஊசி போனால் என்ன ஆகும் என்று தையற்காரிக்குத் தெரியாதா?

"ஐயா, என் பொண்ணு பலகையைப் பாக்காமலே எழுதுறாளே?"

"ஆன்மாவுக்குக் கண்ணு எதுக்கும்மா?"

"அப்ப உங்களுக்கு மட்டும் எதுக்கு? எழுதுறது அவதானே!"

கூட்டம் சிரித்தது. ஐயா வாயைத் திறப்பதற்குள் தையற்காரி தன் பையிலிருந்த கறுப்புத் துணியால் அவர் கண்ணைக் கட்டிவிட்டாள். பலகையையும் ஓசைப்படாமல் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

பலகை மனப்பாடம் என்ற தைரியத்தில் ஐயா மணிக்கட்டை விடவில்லை; விரல் நகர்ந்தது. முன்வரிசை ஆட்டோக்காரர் உரக்கப் படித்தார்: "ங... ழூ... ஞௌ... ப்... இது எந்தக் கிரகத்து ஆன்மாங்க?"

கூடம் குலுங்கியது.

"சந்தேகப்பட்டா ஆன்மா பேசாது!" ஐயா கட்டை அவிழ்க்கத் தடுமாறினார்.

"நான் அவ கண்ணைக் கட்டலையே. உங்க கண்ணைத்தானே கட்டினேன்?"

ஐயா பலகையை விட்டுவிட்டுப் பின்வாசலைத் தேடினார். தையற்காரிக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. "நீ என் உயிர்" என்பதும் பொய்தானே!

அதற்குள் மகள் அம்மாவின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். வீட்டுக்குப் போகணும். ஒரு மணி நேரமாக நெளிந்து நெளிந்து அவள் சொன்னதும் அதுதான். பலகையைப் படித்தவர்கள் யாரும் பிள்ளையைப் படிக்கவில்லை.

"நாளைக்கே பயிற்சியாளருக்குப் போன் போடுறேம்மா" என்றார் தலைவர், அசடு வழிய.

போடட்டும். பேசாத பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் வந்துவிடுவார். யோசிக்காத பெரியவர்களுக்கு யாரை வைப்பது?